பங்களா வேலைக்கு நேர்முகம்: கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு?

“அண்ணா, நாளான்னிக்கு ஏற்காட்டுல இன்டர்வியூ. எப்படிப் பேசணும்னு சொல்லிக் குடு.”

கேட்டவள் என் சித்தி மகள். ப்ளஸ் டூ முடித்தவள். அவளுடைய அம்மா சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறித்தே முதுகு வளைந்தவள். பெங்களூர்க்காரர் ஒருவருடைய பங்களாவில் தங்கி வேலை. சமையல், வீடு சுத்தம், விருந்தாளி வந்தால் கவனிப்பு. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரன் ஒரு தாளும் கொடுத்து அனுப்பியிருந்தான், ‘நேர்முகத்துக்குத் தயாராவது எப்படி’ என்று. நகம் வெட்டியிருக்க வேண்டும். எண்ணெய் வழியக் கூடாது. உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும். சத்தமாகச் சிரிக்கக் கூடாது. சம்பளத்தை நாமாகப் பேசக் கூடாது. குடும்பக் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது. எதற்கும் ‘சரிங்க மேடம்’.

கடைசி வரி மட்டும் பேனாவால் எழுதியிருந்தது: ‘ஊர் கேட்டால் டவுன் பேரைச் சொல்லவும்.’

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளைப் படித்துவிட்டு நான் கிழித்துப் போடவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். “நேரா மூஞ்சியப் பாக்காத, கொஞ்சம் கீழ பாரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.” பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. நான் ஒரு பெண்ணைக் கூனச் சொல்லிப் பழக்கிக் கொண்டிருக்கிறேன். அம்பேத்கர் படம் மாட்டிய அறையில் உட்கார்ந்து, கவிதை எழுதுகிற இதே கையை ஆட்டி ஆட்டி.

எனக்கு அது எங்கிருந்து வந்தது? நானும் அப்படித்தான் உள்ளே நுழைந்தேன். நான் வங்கியில் சேர்ந்த காலத்தில் கிளார்க் வேலைக்கும் நேர்முகம் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர் என்னுடைய மதிப்பெண்ணைப் பார்த்தார், சாதிச் சான்றிதழைப் பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டே “உங்க ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?” என்றார். காகிதம் கையில் இருக்கிறது. தெரிந்துதான் கேட்கிறார். என் வாயால் சொல்ல வைப்பதில் அவருக்கு ஒரு ருசி. நான் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பைத்தான் தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன்.

2015 சுதந்திர தினத்தன்று பிரதமர் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகம் எதற்கு என்று கேட்டார். 2016இல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கும் வங்கிக் கிளார்க் வேலைக்கும் நேர்முகத்தை எடுத்தார்கள். சிபாரிசும் லஞ்சமும் நுழைகிற வாசல் அது என்று அரசே ஒத்துக்கொண்டது. சாதி நுழைகிற வாசலும் அதுதான் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சரி, அரசு வேலைக்கு அந்த வாசல் பாதி மூடியது. பங்களா வேலைக்கு? அங்கே பரீட்சை இல்லை, மதிப்பெண் இல்லை, இடஒதுக்கீடு இல்லை. ஆரம்பம் முதல் முடிவு வரை வெறும் நேர்முகம். முகத்தைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, தெருவைக் கேட்டு முடிவாகிற வேலை.

கேள்விகளைப் பாருங்கள்.

“எந்த ஊரு?” “ஊர்ல எந்தத் தெரு?” “குலசாமி எது?” “கவுச்சி சாப்பிடுவீங்களா, மாட்டுக்கறி உண்டா?” “உங்க அப்பா என்ன பண்றாரு?” “வீட்டுல சுத்தபத்தமா இருப்பீங்களா?”

ஒன்றிலும் சாதி என்ற சொல் இல்லை. எல்லாம் சாதிதான். சமைக்கத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால் சமைக்க விடலாமா என்று முடிவு செய்கிறார்கள். தேர்வு முடிந்த பிறகு வேலை பிரிகிறது. சாதி இந்துப் பெண் என்றால் அடுப்படி. நம்மாள் என்றால் கக்கூஸ், நாய்க்கூண்டு, கார் ஷெட், தோட்டம். ஒரே கேட்டுக்குள் ஊரும் சேரியும்.

இது பங்களாக்காரர்களுடைய தனி வியாதி என்று நினைக்க வேண்டாம். 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் இரண்டு ஆய்வுகள் வந்தன. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் தனியார் கம்பெனி விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67 தான். படிப்பு அதே, பெயர் வேறு. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஆளெடுக்கும் மேனேஜர்களையே பேட்டி கண்டார்கள். நாங்கள் சாதி பார்ப்பதில்லை, திறமைதான் பார்க்கிறோம் என்பது அவர்கள் பேச்சு. ஆனால் நேர்முகத்தில் தவறாமல் கேட்பது ‘குடும்பப் பின்னணி’. ஏ.சி. அறையில் குடும்பப் பின்னணி. ஏற்காட்டு பங்களாவில் எந்தத் தெரு. கேள்வி ஒன்றுதான், உடுப்புதான் வேறு.

இந்த மலையின் கதையைக் கொஞ்சம் பேச வேண்டும்.

கைடு புத்தகம் எதைப் புரட்டினாலும், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியும் பேரிக்காயும் கொண்டுவந்து நட்டார், அவர்தான் ‘ஏற்காட்டின் தந்தை’ என்று போட்டிருக்கும். அதற்கு முன்னாலேயே இங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் இருந்தார்கள், சேர்வராயனைக் கும்பிட்டார்கள், தினையும் சாமையும் விதைத்தார்கள். அப்போதெல்லாம் மலை தந்தை இல்லாமலா கிடந்தது? தோட்டம் வந்தது, பங்களா வந்தது, பங்களாவுக்கு ஆள் தேவைப்பட்டது. பட்லர், குக்கு, மேட்டி, ஆயா, மாலி, குதிரைக்காரன், தண்ணிக்காரன், தோட்டி.

வெள்ளைக்காரன் அடுப்படிக்குள் நம் ஆட்கள் போனது எப்படி? சாதி இந்துக்கள் மாட்டுக்கறி சமைக்க மாட்டார்கள், எச்சில் தட்டு எடுக்க மாட்டார்கள். அதனால் சென்னை மாகாணம் முழுக்க வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல் பெரும்பாலும் பறையர் கையில் இருந்தது. நம்மைத் தீண்டலாம் என்று அவன் புரட்சி செய்யவில்லை. அவனுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாசல் வழியாக நம்மவர்கள் சிலர் கண்ட உலகம் ஊர்த்தெருவில் கிடைக்காத உலகம். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டன் கந்தப்பன் ஒரு பட்லர். ஆரிங்டன் என்ற வெள்ளை அதிகாரியிடம் வேலை பார்த்தவர். அவர் கொடுத்த திருக்குறள் ஏட்டுப்பிரதிதான் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். குறளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற தமிழ்ப் பெருமைக்காரர்களே, உங்கள் பொதுமறையைப் பாதுகாத்துக் கொடுத்தது ஒரு பட்லர் வீட்டுப் பரண். அந்தப் பேரன் நீலகிரியில் வளர்ந்து, 1891 டிசம்பர் 1 அன்று அதே மலையில் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டி, உரிமைத் தீர்மானங்கள் போட்டார். மலை பங்களாவின் பின்வாசல் வழியாக அரசியல் நுழைந்த வரலாறு நமக்கு உண்டு.

இதனால் துரைமார்களைக் கொண்டாட வேண்டியதில்லை. 1878இல் ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் ஒரு ராணுவ அதிகாரி சென்னைச் சமையல் பற்றிப் புத்தகம் போட்டான். அதில் சமையற்காரனுக்கு எங்கே பார்த்தாலும் ஒரே பெயர்: ராமசாமி. ஆயிரம் ஆளுக்கு ஒரு பெயர் போதும் என்று நினைத்தவன் அவன். 1888இல் ஸ்டீலும் கார்டினரும் துரைசாணிகளுக்கு எழுதிய குடும்ப நிர்வாகப் புத்தகம், வேலைக்காரர்களைக் குழந்தைகளை நடத்துவது போல நடத்தச் சொன்னது. அந்தக் காலத்து நேர்முகத்துக்குத் தயாராவது என்றால் ஒன்றுதான்: பழைய துரை எழுதிக் கொடுத்த ‘சிட்’டைத் துணியில் சுற்றி எடுத்துப் போவது. யோக்கியன், குடிக்க மாட்டான், திருட மாட்டான். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கொண்டு போகிறவனுக்குப் படிக்கத் தெரியாது. தன்னுடைய விதியைத் தானே சுமந்துகொண்டு போய்க் கொடுத்தான்.

வெள்ளைக்காரன் போனான். பங்களா கைமாறியது. காபி எஸ்டேட் முதலாளி, பிறகு ரிட்டயர்டு அதிகாரி, இப்போது சனி ஞாயிறுக்கு வந்து போகும் சாஃப்ட்வேர்க்காரர். ஜெரினாக்காட்டில் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள், “தொர இருந்தவரைக்கும் அடுப்படில இருந்தோம், சாமி வந்ததும் கொல்லைக்குப் போனோம்.” சுதந்திரம் எங்கள் சமையற்காரனுக்கு அப்படித்தான் வந்தது. புதிய எஜமானுக்குப் பூஜையறை உண்டு. பூஜையறை பக்கத்தில் அடுப்படி உண்டு. அடுப்படிக்குத் தீட்டு உண்டு. சாப்பாட்டில் மீந்தது நமக்கு உண்டு, பழைய சேலை நமக்கு உண்டு. மீந்த சோற்றையும் கந்தல் துணியையும் ஏவல் செய்பவனுக்குக் கொடு என்று மநுவில் பத்தாம் அத்தியாயம் சொல்கிறது. அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மஹாட்டில் அதை எரித்தார். மகராசி, நல்ல மனசு, தீபாவளிக்குப் பழைய சேலை கொடுத்தாள் என்று நாம் இன்னமும் புகழ்ந்து கொண்டிருக்கிறோம்.

சட்டம் இல்லையா என்று மாணவத் தோழர்கள் கேட்பார்கள். இருக்கிறது. 1955இல் வந்து 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டம், தீண்டாமை காரணமாக ஒருவரை எந்த வேலையில் சேரவிடாமல் தடுத்தாலும் குற்றம் என்கிறது. அடுப்படி வேலை வேலை இல்லையா? தமிழ்நாட்டில் 2007இல் வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. 2018இல் மணிக்கு 37 ரூபாயில் தொடங்கும் குறைந்தபட்சக் கூலியை அரசு அறிவித்தது. 2013இன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான், வீட்டு வேலைக்காரியும் தொழிலாளிதான், மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். 2011இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலையாட்களுக்கு 189ஆம் உடன்படிக்கையைக் கொண்டு வந்தபோது இந்தியா கையைத் தூக்கி ஓட்டுப் போட்டது. போட்ட ஓட்டை ஊருக்குக் கொண்டு வந்து ஒப்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே இவர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று பார்க்கக் குழு போடச் சொன்னது. எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவளுக்கு 1951லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதே எஸ்டேட் பங்களாவுக்குள் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு நாடு முழுவதற்குமான ஒரு சட்டத்துக்கு 2025லும் குழு போட்டுக் கொண்டிருந்தார்கள்.

ஏன்? தொழிற்சாலைக்குள் இன்ஸ்பெக்டர் போகலாம். வீட்டுக்குள் யார் போவது? வீடு புனிதம். இந்த நாட்டில் சாதி குடியிருப்பதே வீட்டுக்குள்தான். சட்டம் வாசற்படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்று விடுகிறது.

இதுவரை அவர்களைத் திட்டியாயிற்று. இனி நம்மை.

2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே கைது செய்யப்பட்டார். தலித் சமூகத்திலிருந்து வந்த பெண். தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணின் விசாவுக்கு மணிக்கு 9.75 டாலர் என்று காகிதத்தில் காட்டிவிட்டு, கொடுத்தது 3.31 டாலர்தான் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. வழக்கு விசாரித்து முடிக்கப்படவில்லை, ஆகையால் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. அதிகாரியை அவர்கள் துணியுரித்துச் சோதனை செய்தது அநியாயம். ஆனால் இங்கே நடந்ததைப் பாருங்கள். தேசத்துக்கே அவமானம் என்று டெல்லி கொதித்தது, அமெரிக்கத் தூதரகத்தின் முன்னால் இருந்த தடுப்புகளை எடுத்தது. நம் தரப்பிலும் அதிகாரியின் சாதியைப் பேசியவர்கள் உண்டு. அந்த வேலைக்காரப் பெண்ணின் மணிக் கணக்கைப் பேசியவர் எத்தனை பேர்? எஜமானி தலித் என்றால் வேலைக்காரியின் கூலி கேள்வி இல்லையா? அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர். எட்டு மணி நேர வேலைக்காக மேசையில் உட்கார்ந்து வாதாடியவர். நாம் அவரிடம் கோட்டை மட்டும் எடுத்துக் கொண்டோம்.

நியூயார்க் தூரம். சேலத்துக்கு வருகிறேன்.

நேர்முகப் பாடம் நடத்திக் கொண்டிருந்தபோது தங்கச்சி கேட்டாள்: “அண்ணா, உங்க வீட்ல பாத்திரம் கழுவ ஒரு அக்கா வருதே, அதுக்கு எந்த டம்ளர்ல காப்பி குடுக்கறீங்க?”

எங்கள் வீட்டில் ஒரு பழைய எவர்சில்வர் டம்ளர் உண்டு. கீழே நெளிந்தது. யாரும் அதைத் தனி டம்ளர் என்று சொன்னதில்லை. ஆனால் அந்த அக்காவுக்கு வந்து சேர்வது அதுதான். அவர் சக்கிலியர் வீட்டுப் பெண். நாங்கள் பறையர். எங்களைத் தீண்டத்தகாதவர் என்று சொன்னவர்களிடம் கற்றுக் கொண்ட பாடத்தை எங்கள் அடுப்படியில் நடத்திக் கொண்டிருக்கிறோம். நாலு பேர் கூடுகிற கூட்டத்தில் இரட்டைக் குவளைக்கு எதிராகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து குடித்தது எந்த டம்ளரில்?

அன்றைக்கே டம்ளரை மாற்றினேன். பெருமையாகச் சொன்னேன். தங்கச்சி விடவில்லை. “சம்பளம்?” என்றாள். கணக்குப் போட்டேன், அதுதானே என் பிழைப்பு. அக்கா தினம் ஒன்றரை மணி நேரம் வருகிறார். மாதம் 26 நாள். 39 மணி நேரம். 2018இன் 37 ரூபாய் வீதம் போட்டாலே 1443 ரூபாய். நான் கொடுத்துக் கொண்டிருந்தது 1200. மாதாமாதம் 243 ரூபாய் திருடியிருக்கிறேன். கவுண்டரில் ஒரு ரூபாய் குறைந்தால் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுகிறவன் நான்.

அன்றைக்குத்தான் தாளைக் கிழித்தோம். புதிதாக ஒரு தாள் எழுதினோம். இதையும் நேர்முகத்துக்குத் தயாராகும் குறிப்பு என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

1. எத்தனை மணிக்கு எழ வேண்டும், எத்தனை மணிக்குப் படுக்கலாம்? கூப்பிட்டால் வர வேண்டும் என்று காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான்.

2. மணிக்கு என்ன கூலி? மாதத்தில் எந்தத் தேதி? வங்கிக் கணக்கில் போடுவீர்களா?

3. வாரத்தில் எந்த நாள் லீவு? விருந்தாளி வந்தால் அந்த லீவு என்ன ஆகும்?

4. என்னென்ன வேலை? எழுதிக் கொடுங்கள். நாய், கார், கக்கூஸ் இதில் உண்டா? சமையல் யார், சுத்தம் யார், எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

5. எங்கே படுப்பது? கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? எந்தக் கழிப்பறை? எந்தத் தட்டு?

6. ஆதார் நகல் தருகிறேன், அசல் தர மாட்டேன். போன் என்னிடம்தான் இருக்கும்.

7. நிறுத்தினால் எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள்? பாக்கிச் சம்பளம் எப்போது?

8. எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார்? அவரிடம் பேசலாமா?

எட்டாவது கேள்விதான் முக்கியம். அவர்கள் நம்மைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள், போலீஸ் வெரிஃபிகேஷன் என்கிறார்கள். நம் வீட்டுப் பெண்ணை ராத்திரி தங்க வைக்கப் போகிற அந்த வீட்டை யார் வெரிஃபிகேஷன் செய்தது?

சரி, தெருவைக் கேட்டால்? சாதியை மார்தட்டிச் சொல் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பசியில் இருப்பவளுக்கு வீரம் கற்பிக்க மாதச் சம்பளக்காரனுக்கு உரிமை இல்லை. மறைப்பவள் மேல் குற்றம் இல்லை. மறைத்தால்தான் சோறு என்று வைத்திருப்பவன் மேல் குற்றம். ஆனால் மறைக்கச் சொல்லிப் பயிற்சி கொடுக்கிற வேலையை ஏஜென்சிக்காரன் செய்யட்டும். நாம் செய்ய வேண்டாம்.

அவள் பஸ் ஏறினாள். இருபது கொண்டை ஊசி வளைவு. போனாள், உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே உட்கார்ந்தாளாம். தெருவைக் கேட்டார்கள். சொன்னாள். பிறகு அவள் மூன்று கேள்விதான் கேட்க முடிந்தது. “ரொம்பப் பேசுது இந்தப் பொண்ணு. வெளி வேலைக்குன்னா பாக்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. இந்தப் பருவத்துக்கு அவள் அம்மாவோடு காபிப் பழம் பறிக்கப் போனாள்.

இதை நான் வெற்றிக் கதையாக எழுத முடியாது. ஒருத்தி தனியாகக் கேள்வி கேட்டால் அவள் வாயாடி. வேலை இன்னொருத்திக்குப் போகும், அந்த இன்னொருத்தியும் நம் பெண்ணாகவே இருக்கலாம், அல்லது மலையாளிப் பெண்ணாக இருக்கலாம். எட்டுக் கேள்வியும் நாற்பது பேர் வாயிலிருந்து வந்தால்தான் அது கோரிக்கை. அதற்குப் பெயர் சங்கம். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே பழங்குடியும் தலித்தும் ஒரே பங்களாக்களுக்கு வேலை கேட்டு முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். இருவரையும் மோத விட்டுக் கூலியைக் குறைப்பது எஜமானுக்குச் சுலபம். அந்த வரிசையை அணியாக மாற்றுவது நம் வேலை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு நோட்டு வாங்குங்கள். ஒண்டிக்கடையில் தொடங்கி பங்களா பங்களாவாக, அங்கே வேலை பார்த்த பெண்களைக் கேட்டு எழுதுங்கள். எந்த வீட்டில் சம்பளம் ஒழுங்கு, எந்த வீட்டில் தனி டம்ளர், எந்த வீட்டில் தெருவைக் கேட்டார்கள், என்று கேட்டார்கள், யார் கேட்டார்கள், எந்த வீட்டில் தாழ்ப்பாள் இல்லை. வேலைக்குப் போகிற பெண் முதலில் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும். வழக்குப் போட வேண்டி வந்தால் சாட்சியும் அதில்தான் இருக்கும். நோட்டின் முதல் பக்கத்தில் நம் வீடுகளை எழுதுங்கள். என் வீட்டையும் எழுதுங்கள், 243 ரூபாயோடு.

துரைமார்கள் நமக்குச் சீட்டு எழுதினார்கள், நம் பாட்டன்மார் அதைப் படிக்கத் தெரியாமல் சுமந்தார்கள். நமக்கு எழுதத் தெரியும். இனி அவர்களுக்கு நாம் எழுதுவோம் சீட்டு.